இரண்டாவது வெடி

என்னுடைய அண்ணனைக் கொன்றது யானை என்றுதான் ஸ்கந்தபுரத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. யானை பாவம், வயிற்றுப்பாட்டுக்கு வந்தது. அண்ணனைக் கொன்றது ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் கிடந்த நேரம்.

அந்த நாட்களில் எங்கள் குடியேற்றத்தில் வயற்காவலுக்கு இருந்ததெல்லாம் இடியன் துவக்குத்தான். குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். தென்னந்தும்பை உருட்டி வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ஈயக்குண்டைப் போட்டு, அது உருண்டு வெளியே விழாமலிருக்க மேலே இன்னொரு தும்பு உருண்டை வைத்து மறுபடியும் இடிக்க வேண்டும். பிறகு பின்பக்கத்துக் காம்பில், தட்டினால் நெருப்புப் பொறி விடுகிற கேப் மூடியைச் செருக வேண்டும். இவ்வளவு சடங்கும் முடிந்தால் ஒரே ஒரு வெடி. அது பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யானை அதுவரைக்கும் மரியாதையாக ஒதுங்கி நிற்குமா?

அப்புத்துரை அண்ணன் எங்களோடு ஒரே லொறியில் கரவெட்டியிலிருந்து வந்தவர். குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான், என் மனிசன் ஏரம்பு, அண்ணன் மூவருமாகப் பாய், பானை, மண்வெட்டியோடு வந்து காடு வெட்டினோம். அண்ணனுடைய வயலும் எங்களுடையதும் ஒரே வரம்பில் ஒட்டிக் கிடந்தன. பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த மாரி விதைப்புக் காலபோகம், நெல்லில் பால் பிடித்திருந்த தை மாதம், இருட்டுப்பட்டு வருகிற ஒரு மைம்மல் பொழுதில் தனியன் யானை ஒன்று இறங்கியது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெடி கேட்டது. துருவலை நிறுத்திவிட்டு அடுத்த வெடிக்குக் காதைக் கொடுத்தேன். அண்ணன் கை வேகமானவர், துவக்கு இடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. இந்தா வருகிறது, இந்தா வருகிறது என்று பார்த்தேன். அது வரவில்லை. நாங்கள் ஓடிப் போனபோது இடிக்கிற கம்பி பாதி குழாய்க்குள்ளேயே நின்றது. அண்ணன் கிடந்த கோலத்தை நான் எழுதமாட்டேன்.

அன்றிலிருந்து என் மனிசனுக்கு ஒரே கதைதான். சோற்றைப் பிசைந்துகொண்டு, "இரண்டாவது வெடி மட்டும் இருந்திருந்தால் மச்சான் இண்டைக்கு இருப்பான்" என்பார். வரம்பு கட்டும்போதும் அதுதான், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் அதுதான். அண்ணன் செத்த போகமும் யானைக்குப் போனது, அடுத்த போகமும் போனது. மூன்றாவதும் போனால் கரவெட்டிக்குத் திரும்பி என் தகப்பன் வீட்டு மூலையில் பாய் விரிக்க வேண்டியதுதான். என் மனிசனுக்கு அதைவிடச் செத்துப்போவது மேல்.

அந்த நேரம் பார்த்து ஓமந்தையில் ஒரு சோடி எருமை இருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். இவருக்கு எருமை பார்க்கத் தெரியாது, கொம்பு அழகாயிருந்தால் வாங்கிவிடுவார். அதனால் நானும் கூடப் போனேன். எருமைக்காரர் மயில்வாகனத்தார் பழைய உடையார் குடும்பம். அறுபது வயதிருக்கும், நல்ல மனிசர், வாய் மட்டும் ஓயாது. எருமைக் கதை யானைக் கதையாகி, யானைக் கதை அண்ணன் கதையாகி, கடைசியில் இவர் வழக்கம்போல இரண்டாவது வெடியில் வந்து நின்றார்.

"இரண்டென்ன தம்பி, ஐஞ்சு வெடி தொடர்ந்து வைக்கிற துவக்கு எங்கட சாமியறையிலை கிடக்குது" என்றார் மயில்வாகனத்தார்.

என் மனிசன் எருமையை அதோடு மறந்துபோனார்.

சாமியறையிலிருந்து நீட்டுப் பெட்டியொன்று வந்தது. மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தன. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை வெளியே எடுத்துப் பொட்டு வைத்துப் பூப்போட்டுத் திரும்பவும் உள்ளே வைத்துவிடுவார்களாம். திறந்து காட்டினார். பார்ப்பதற்கு இடியன் மாதிரித்தான், ஆனால் கட்டைக்கும் குழாய்க்கும் நடுவிலே ஒரு கனத்த இரும்பு உருளை இருந்தது. அந்த உருளையில் சுற்றிவர ஐந்து துளை. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக மருந்தும் குண்டும், ஒவ்வொன்றுக்கும் பின்னாலே கேப் வைக்க ஒரு காம்பு. மேலே இருக்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் உருளை தானாகத் திரும்பி, அடுத்த துளை குழாய்க்கு நேரே வந்து டக்கென்று நிற்கும். உருளை திரும்ப வேண்டுமே, அதற்காக அதற்கும் குழாய்க்கும் நடுவே நகம் நுழைகிற அளவு இடைவெளி விட்டிருந்தார்கள். குண்டை உள்ளே அழுத்துவதற்குக் குழாயின் அடியில் ஒரு மடக்குக் கம்பி இருந்தது. என் மனிசன் சுத்தியலை இழுத்தார், டக். இழுத்தார், டக். குழந்தைப்பிள்ளை கிலுக்கைக் கண்டது மாதிரி முகம்.

"இது எங்கட அப்பப்பா வீரகத்தி உடையார் காலத்துச் சாமான்" என்று தொடங்கினார் மயில்வாகனத்தார். "கண்டி றோட்டுப் போடேக்கை காடு அளக்க வந்த துரையொராளின்ரை. ஒற்றைக்கைத் துரையெண்டுதான் ஊரிலை பேர். இடக்கை மணிக்கட்டோடை இல்லை. புலி கவ்வினதெண்டு அவரே அப்பப்பாவுக்குச் சொன்னவராம். ஒற்றைக்கையாலை இடியனை இடிக்க ஏலுமே? அதுதான் சீமைக்கு எழுதி இப்பிடியொண்டு எடுப்பிச்சிருக்கிறார். பின்னேரத்திலை ஆறுதலா ஐஞ்சையும் நிரப்பி வைச்சால் பிறகு கவலையில்லை. காய்ச்சல் கண்டு சாகேக்கை, பக்கத்திலை நிண்டு பாத்த அப்பப்பாவுக்குக் குடுத்திட்டுப் போனவர்."

"துரை இதைச் சுட்டதை உங்கட அப்பப்பா கண்டவரோ?" என்று நான் கேட்டேன்.

"அது தெரியாது பிள்ளை. ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பாத்துக்கொண்டிருப்பாராம்."

பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மரத்தில் பள்ளம் குடைந்திருந்தது. குண்டு வார்க்கிற அச்சுக்கு ஒன்று, மருந்துக் குப்பிக்கு ஒன்று. வட்டமான பள்ளம் ஒன்று மட்டும் காலியாகக் கிடந்தது. அதில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

மயில்வாகனத்தார் முகத்தைச் சுளித்தார். "அதையேன் கேக்கிறாய் பிள்ளை. ஒரு டப்பா நிறைய மாட்டுக்கொழுப்பு! சாமியறையிலை வைக்கிற சாமானுக்கை! எங்கட அப்பா அதைத் தடியாலை தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுக்கை எறிஞ்சிட்டு, பெட்டிக்கு மஞ்சள்தண்ணி தெளிச்சவர்."

"என்னத்துக்காம் அவ்வளவு கொழுப்பு?"

"துருப்பிடியாமல் பூசத்தான், வேறை என்னத்துக்கு? நாங்கள் தேங்காயெண்ணெய் பூசுறம். பாருங்கோ, ஒரு பொட்டுத் துரு இருக்குதே?"

இல்லைத்தான். கண்ணாடி மாதிரி மின்னியது. லைசென்ஸும் இல்லை. பூசைச் சாமானுக்கு என்ன லைசென்ஸ் என்பது மயில்வாகனத்தாரின் நியாயம். அண்ணன் கதையைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியிருந்தது. யானைத் தொல்லை தீரும்வரை வைத்துக்கொள்ளுங்கள், ஆயுத பூசைக்கு மட்டும் துவக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித் தூக்கிக் கொடுத்தார். எருமை வாங்கப் போன நாங்கள் சாக்கில் சுற்றிய துவக்கோடு பஸ் ஏறினோம்.

என் மனிசன் சோம்பேறியுமில்லை, மடையனுமில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். குண்டு வார்த்தார், உரசிப் பார்த்தார், கேப் பொருந்துகிறதா என்று பார்த்தார். கடையில் விற்கிற இடியன் கேப்பே கச்சிதமாகப் பொருந்தியது. மருந்தை வீணாக்கக் கூடாதென்று ஒரு துளையை மட்டும் நிரப்பிக் காட்டுப் பக்கம் வைத்துப் பார்த்தார். அருமையாக வெடித்தது. இன்னொரு நாள் இன்னொரு துளை. அதுவும் அருமை. ஐந்து துளையையும் இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்துவிட்டு, அண்ணனின் வரம்பில் போய் நின்று அழுதார். நானும் அழுதேன். அந்த வருஷம் பயிர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது, என்ன செய்வது.

பொங்கல் முடிந்த கையோடு யானை வந்தது. அதே தனியனா என்று கேட்காதீர்கள், நான் அதன் காதைப் பிடித்துப் பார்க்கவில்லை. சூரியன் காட்டுக்குப் பின்னாலே இறங்கியிருந்தது, வெளிச்சம் இன்னும் கிடந்தது. இவர் ஐந்து துளையையும் பின்னேரமே நிரப்பி வைத்திருந்தார். தனக்குத் தெரிந்தபடிதான் நிரப்பினார். மருந்து, குண்டு, குண்டு உருளாமலிருக்க மேலே ஒவ்வொரு சிட்டிகை தென்னந்தும்பு. ஐந்து வாயிலிருந்தும் தும்பு மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருந்தது. நான் தகரமும் தடியுமாக அவருக்குப் பின்னாலே நின்றேன். அவர் வரம்போரம் குந்தியிருந்து, வலக்கையை விசையில் வைத்து, இடக்கையை முன்னுக்கு நீட்டிக் குழாயின் கீழே ஏந்திப் பிடித்தார். இடியனை அப்படித்தான் பிடிப்பது. இந்தக் காட்டில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"இரஞ்சிதம், எண்ணிக்கொள்" என்றார். ஐந்து வெடியையும் நான் எண்ண வேண்டுமாம்.

வெடித்தது. இடியன் வெடி எனக்குப் பழக்கம், ஆனால் இது வெடி மாதிரியே இல்லை, குளக்கட்டு உடைந்தது மாதிரி இருந்தது. துவக்கின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் நெருப்புச் சீறியது. யானை பிளிறிக்கொண்டு திரும்பி ஓடியது. நான் மடைச்சி மாதிரி இரண்டாவது வெடிக்குக் காத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் இவர் எழும்பித் திரும்பினார். முகமெல்லாம் கரி. "என்ரை கை எங்கை?" என்று என்னிடம் கேட்டார். சத்தம் போடக்கூட இல்லை. பூட்டின் திறப்பை எங்கே வைத்தேன் என்று கேட்பது மாதிரிக் கேட்டார்.

என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். அயலிலிருந்து பரமலிங்கம் ஓடிவந்தான். அடுத்த துண்டுக் காணிக்காரன், என்னைவிட இளையவன், அக்கா அக்கா என்று என்னைச் சுற்றிவருகிறவன். அவன்தான் வண்டில் பூட்டி எங்களைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டுக்கு மேலே வெட்டினார்கள்.

லைசென்ஸ் இல்லாத துவக்கு என்று சொன்னால் பொலிஸ் பிடித்து மறியலில் அடைக்கும், மயில்வாகனத்தாரும் மாட்டுப்படுவார். அதனால் இவர் டாக்குத்தரிடம், யானை கையைப் பிடித்து இழுத்துவிட்டது என்று சொன்னார்.

"உங்கட ஊர் யானையிலை வெடிமருந்து மணக்குமோ?" என்று கேட்டார் டாக்குத்தர். இவர் முகட்டைப் பார்த்தார். டாக்குத்தர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

யானை அன்றிரவே திரும்பி வந்து, தடுப்பதற்கு ஆளில்லாத வயலில் ஆறுதலாகத் தின்று மிதித்துவிட்டுப் போயிருந்தது. மூன்றாவது போகமும் போனது.

மயில்வாகனத்தார் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தோடம்பழம் கொண்டுவந்தார், கண்ணீர் விட்டார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "துவக்குக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு அவரைத் தூக்கிக் குளத்தில் போட வேண்டும் போலிருந்தது. துவக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடியிலிருந்த மடக்குக் கம்பி மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. நேராக்கிவிட்டால் பழையபடி பூசைக்கு வைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து துளையும் காலியாகக் கிடந்தன. ஆனால் சுத்தியல் அடித்த தடம் ஒரேயொரு கேப்பில்தான் இருந்தது. ஈர்க்கால் துளைகளைக் குடைந்தேன். எல்லாவற்றிலும் கருகிய தும்பு ஒட்டியிருந்தது. முதலாவது வெடியின் நெருப்பு அந்த நகமளவு இடைவெளியால் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது. பக்கத்தில் காய்ந்த தும்பு. தும்பிலிருந்து தும்புக்கு, கிடுகுக் கூரையில் பற்றுவது மாதிரி. குழாய்க்கு நேரே நின்ற குண்டு குழாயால் போனது. மற்ற நாலும் தத்தம் துளையிலிருந்து நேரே முன்னுக்குப் போயின. முன்னுக்கு இருந்தது என் மனிசனின் இடக்கை.

மாட்டுக்கொழுப்பு துருவுக்கு இல்லை. அது அந்த ஐந்து வாயையும் அடைத்துப் பூசுவதற்கு. புட்டுப்பானைக்கும் குழலுக்கும் நடுவே துணி சுற்றி ஆவியை அடைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும். அந்தத் துவக்குப் பெட்டியில் ஆளைக் காப்பாற்றுவதற்கென்று இருந்தது அந்த டப்பா ஒன்றுதான். அதைத்தான் தடியால் தூக்கி எறிந்து மஞ்சள்தண்ணி தெளித்திருக்கிறார்கள்.

இவரிடம் சொன்னேன். கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். முகம் செத்துப்போனது. பிறகு, "ஆரிட்டையும் சொல்லிப்போடாதை" என்றார்.

"ஏன்? பொலிஸுக்கோ?"

"பொலிஸெண்டில்லை. ஆசைப்பட்டு எடுத்த துவக்காலை தன்ரை கையைத் தானே சுட்டவனெண்டு சிரிப்பாங்கள்."

அதற்குப் பிறகு யானைக் கதை வளர ஆரம்பித்தது. முதலில் யானை கையைப் பிடித்து இழுத்தது. பிறகு இவர் இரண்டு வெடி வைத்த பின்புதான் பிடித்தது. சித்திரை வருஷப் பிறப்புக்கு ஆட்கள் வந்தபோது நாலு வெடி ஆகியிருந்தது. துவக்கு அருமையான துவக்கு, தான்தான் கிட்டப் போய்விட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அந்த மொட்டைக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஒரு நாள் எனக்கு அந்தத் துரையின் நினைவு வந்தது. ஒற்றைக்கை என்பதற்காகத் துவக்கு வாங்கியவரல்ல அவர். துவக்கு வாங்கியதால் ஒற்றைக்கை ஆனவர். அவருக்கும் வெட்கம், அவருக்கு ஒரு புலி கிடைத்திருக்கிறது. என் மனிசனுக்கு ஒரு யானை.

அடுத்த போகத்துக்கு எங்கள் வயலைப் பரமலிங்கம்தான் விளைச்சலில் பங்கு தருகிற வாரத்துக்கு விதைத்தான். ஒற்றைக்கையால் மண்வெட்டி பிடிக்க முடியுமா, இடியன் இடிக்க முடியுமா? அவன் விதைத்திராவிட்டால் காணியும் கையை விட்டுப் போயிருக்கும். அவனுக்கு ஒரு பிள்ளை கையில், ஒன்று மனைவியின் வயிற்றில். ஆயுத பூசைக்கு ஓமந்தை போன துவக்கு பூவும் பொட்டுமாகத் திரும்பி வந்திருந்தது, மயில்வாகனத்தார் தானே கொல்லனிடம் கொடுத்துக் கம்பியை நேராக்கியிருந்தார். நான் அதை வைக்கோல் போருக்குள் ஒளித்தேன். மார்கழி முடிகிற நேரம் பரமலிங்கம் சைக்கிளில் வந்தான்.

"அண்ணை, யானை குளத்துக்கு அங்காலை நிக்குதாம். அந்த ஒற்றைக்கைத் துரையின்ரை துவக்கைத் தாங்கோ. ஒராளுக்கு ஒரு கையிருந்தாலும் சுடலாமெண்டு சொல்லுகினம், எனக்கு இரண்டு கை இருக்குது" என்று சிரித்தான்.

"பரமலிங்கம், இவற்றை கையை எடுத்தது யானையில்லை. அந்தத் துவக்குத்தான்" என்றேன். சொல்லிவிட்டேன். தும்பைச் சொன்னேன், நெருப்பைச் சொன்னேன், துரையைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்று, என் மனிசனைத் திரும்பிப் பார்த்தான்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. மொட்டைக் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும். ஓம் என்றால் போதும்.

"அவ அண்டைக்குப் பயந்துபோனா, தம்பி. அதுக்குப் பிறகு இப்பிடித்தான் கதைக்கிறா. துவக்கிலை ஒரு பிழையுமில்லை" என்றார். பிறகு வைக்கோல் போரையும் காட்டிக்கொடுத்தார்.

நான் சைக்கிளுக்குப் பின்னாலே ஓடினேன். உருண்டையாகத் தேன்மெழுகு வைத்திருந்தேன், அதை அவன் கையில் திணித்தேன். "தும்பு வைக்காதை. இதாலை வாயை அடை. இடக்கையை முன்னுக்கு நீட்டாதை. என்ரை தம்பியல்லே, சொல்லுறதைக் கேள்" என்று கெஞ்சினேன். அவன், "சரி அக்கா, சரி அக்கா" என்று காய்ச்சற்காரிக்குச் சொல்லுவது மாதிரிச் சொல்லி, மெழுகைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் தண்ணீருக்குப் போகும்போது பார்த்தேன். வாய்க்கால் ஓரத்துப் புல்லில் மெழுகு உருண்டை கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வயலுக்குப் போய்விட்டான் என்றாள் அவன் மனைவி. வயலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவன் வரம்பு மாறி அடுத்த பக்கம் போனான். ஆம்பிளைகள் இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொன்னார்கள்.

தை பிறந்து சில நாளில், மைம்மல் பொழுதில் நான் அடுப்படியிலிருந்தேன். இவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். வயற்பக்கம் தகரச் சத்தம் கேட்டது. பிறகு வெடித்தது, குளக்கட்டு உடைந்தது மாதிரி. காகங்கள் எல்லாம் எழும்பின.

நான் வெளியே வந்தேன். இவர் தலையை நிமிர்த்தி, காதைக் கொடுத்தபடி இருந்தார்.

"பொறு, மற்றது வரும்" என்றார்.

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, பழைய வேட்டியொன்றை எடுத்து நீளம் நீளமாகக் கிழித்துக்கொண்டு பரமலிங்கத்தின் வயலை நோக்கி நடந்தேன்.